'செஸேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை எந்த முடிவுக்கெல்லாம் போடலாம்?

கடைமடை எழுதியது:

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். எங்களுக்கு நிதி கொடுக்கும் இடத்துக்கு வருடா வருடம் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும், இந்த வருடம் அதை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் இயக்குநர் ஒருவர் விலகியபோது நிரப்பிய படிவத்தில் 'டேட் ஆஃப் செஸேஷன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தச் சொல் எங்கள் தலைவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. முறையாக இருக்கிறது, அறிக்கையில் முடிவு வருகிற இடத்திலெல்லாம் இதையே போடுங்கள் தம்பி என்கிறார். கூட வேலை பார்ப்பவரோ அது வேண்டாம், எல்லா இடத்திலும் 'டெர்மினேஷன்' போட்டால்தான் அலுவலக ஆங்கிலம் என்கிறார்.

இப்போது வரைவில் இருக்கும் நான்கு இடங்களை அப்படியே தருகிறேன். 'செஸேஷன் ஆஃப் மேட்டூர் டேம் ஆன் 28 ஜனவரி'. அப்புறம் 'செஸேஷன் ஆஃப் கோடவுன் லீஸ்'. 'செஸேஷன் ஆஃப் சம்பா ஹார்வெஸ்ட்'. கடைசியாக 'செஸேஷன் ஆஃப் ஜெனரல் பாடி மீட்டிங்'. இவற்றில் எது சரி, எது தப்பு, தப்பு என்றால் ஏன் என்று யாராவது விளக்கினால் தலைவரிடம் காரணம் சொல்லி மாற்ற முடியும். அகராதியில் பார்த்தேன், நின்றுபோதல், முடிவு, ஓய்வு என்று எல்லாம் போட்டிருக்கிறது, அதை வைத்து முடிவெடுக்க முடியவில்லை. அறிக்கையைப் படிப்பவர்கள் மும்பையில் இருக்கிறார்கள், நம் வயலை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால்தான் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

குடந்தை வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. ஆங்கிலப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான், பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தச் சொல்லை அடிக்கடி பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் தவறான இடத்தில்தான்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'செஸேஷன் ஆஃப்' என்று எழுதினால் அடுத்து வருவது நடந்துகொண்டிருக்கிற ஒரு செயலாகவோ நிலையாகவோ இருக்க வேண்டும். ஓடுவது, பெய்வது, கொடுப்பது, சண்டை போடுவது, புகைப்பது மாதிரி. போர் நிறுத்தத்தைப் பற்றி எழுதும்போது 'செஸேஷன் ஆஃப் ஹாஸ்டிலிட்டீஸ்' என்பார்கள், புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் சிகிச்சைக்கு 'ஸ்மோக்கிங் செஸேஷன்' என்று பெயர். இரண்டிலும் நிற்பது ஒரு செயல்தான். இப்போது உங்கள் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். மேட்டூர் அணை ஒரு பொருள், 1934இல் கட்டி முடித்து இன்றும் அங்கேயே நிற்கிறது. அது நின்றுபோகவில்லை, அதிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதுதான் நின்றது. ஆகவே 'செஸேஷன் ஆஃப் வாட்டர் ரிலீஸ் ஃப்ரம் மேட்டூர்' என்றால் சரி. நீங்கள் எழுதியிருப்பதை மும்பையில் படிப்பவர் அணையையே மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இரண்டாவது, குத்தகை. குத்தகைக்கு ஒரு தவணை உண்டு. அந்தத் தவணை வந்து தானாக முடிந்தால் 'எக்ஸ்பயரி'. தவணைக்கு முன்பே ஒரு தரப்பு முறித்தால் 'டெர்மினேஷன்'. இந்த இரண்டில் உங்கள் கிடங்குக்கு என்ன நடந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ்பயரிக்குப் பதில் டெர்மினேஷன் போட்டால் கிடங்கின் சொந்தக்காரரோடு தகராறு ஆகிவிட்டது என்று அர்த்தமாகிவிடும். உங்கள் நண்பர் எல்லா இடத்திலும் டெர்மினேஷன் போடச் சொல்வதில் இதுதான் ஆபத்து. அந்தச் சொல்லுக்குப் பின்னால் முடித்துவைத்த ஓர் ஆளோ ஒரு தரப்போ இருக்கிறது என்ற தொனி வந்துவிடும். நம் ஊர்ப் பேச்சிலேயே 'அவரை டெர்மினேட் பண்ணிட்டாங்க' என்றால் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்றுதானே புரிந்துகொள்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. 'செஸேஷன் ஆஃப் சம்பா ஹார்வெஸ்ட்' என்றால் இலக்கணம் தப்பில்லை, அறுப்பு ஒரு செயல்தான். ஆனால் அர்த்தம் மாறிவிடுகிறது. அறுப்பு நின்றுபோயிற்று என்று வரும். மழை பிடித்ததா, அறுவடை இயந்திரம் கிடைக்கவில்லையா, கதிர் சாய்ந்துவிட்டதா என்று படிப்பவர் கேட்பார். நீங்கள் சொல்ல வந்தது அறுத்து முடித்தாயிற்று என்பதுதானே? அதற்கு 'கம்ப்ளீஷன்'. செய்ய வேண்டியதை முழுக்கச் செய்து முடிப்பது கம்ப்ளீஷன், செய்துகொண்டிருந்தது நின்றுபோவது செஸேஷன். பயிர்க் கணக்கு சொல்லும் அறிக்கையில் இந்த இரண்டையும் குழப்பினால் நல்ல மகசூல் கண்ட வருடம்கூட நஷ்ட வருடமாகத் தெரியும்.

கூட்டம் எளிது. நிகழ்ச்சி நிரல் முடிந்து நன்றியுரை சொல்லிக் கலைந்தால் 'கன்க்ளூஷன்'. கோரம் இல்லாமல், அதாவது போதிய உறுப்பினர்கள் வராமல், வேறு தேதிக்குத் தள்ளிவைத்தால் 'அட்ஜர்ன்மென்ட்'.

ஒரு வழி சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன் அந்த இடத்தில் தமிழில் என்ன வினை போடுவீர்கள் என்று யோசியுங்கள். மழை ஓய்ந்தது, தண்ணீர் நின்றது, சண்டை நின்றது என்று ஓய்தலும் நிற்றலும் வருகிற இடத்தில் பெரும்பாலும் செஸேஷன் பொருந்தும். அறுப்பு முடிந்தது, கூட்டம் முடிந்தது என்று முடிதல் வந்தால் கம்ப்ளீஷனோ கன்க்ளூஷனோ. காலாவதி, தவணை தீர்ந்தது என்றால் எக்ஸ்பயரி. ரத்து செய்தார்கள், முறித்தார்கள் என்றால் டெர்மினேஷன். நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அலுவலகக் கடிதத்துக்கு இது போதும்.

---

பேரேடு எழுதியது:

வாத்தியார் ஐயா நன்றாகச் சொல்லிவிட்டார். அந்தப் படிவத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், தஞ்சாவூரில் கம்பெனிக் கணக்கு வேலைதான் எனக்கு.

இயக்குநர் மாறினால் 30 நாளுக்குள் டிஐஆர்-12 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அதில் செஸேஷன் என்று இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஒருவர் இயக்குநராக இல்லாமல் போவதற்குப் பல வழி இருக்கிறது. தானே விலகலாம், காலமாகியிருக்கலாம், தகுதி இழக்கலாம், உறுப்பினர்கள் தீர்மானம் போட்டு நீக்கலாம். இத்தனையையும் ஒரே கட்டத்தில் அடக்க யார் மேலும் பழி போடாத ஒரு சொல் தேவைப்படுகிறது. இதில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது அவர் பதவியில் இருந்த நிலை, அது நின்றது. ஐயா சொன்ன விதிக்குள்தான் இதுவும் வருகிறது. இந்த இடத்தில் யாராவது டெர்மினேஷன் என்று எழுதினால் உடல்நிலை சரியில்லாமல் விலகிய மனிதரை நீங்கள் துரத்திவிட்டதாக ஆகும். அறிக்கையில் அவர் பெயரோடு எழுதும்போது இன்னும் தெளிவாக 'ரெஸிக்னேஷன்' என்றே எழுதிவிடுங்கள். காரணம் தெரிந்த இடத்தில் பொதுச்சொல் எதற்கு?

சட்டத்தில் இந்தச் சொல் வேறு இடங்களிலும் வரும். கூட்டாளி ஒருவர் வெளியேறுவதைப் பற்றி 2008ஆம் ஆண்டின் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டத்தில் 24ஆவது பிரிவு பேசுகிறது, அதன் தலைப்பிலேயே செஸேஷன் உண்டு. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 41ஆவது பிரிவின் முதல் உட்பிரிவில் 'ரெமிஷன் ஆர் செஸேஷன்' என்று சேர்ந்து வந்தது. உரக்கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை நாம் செலவாகக் காட்டியிருப்போம், பிற்பாடு கடைக்காரர் அதை வேண்டாம் என்று தள்ளுபடி செய்தால் அது ரெமிஷன். அப்படி யாரும் தள்ளாமல் அந்தக் கடன்பொறுப்பே இல்லாமல் போனால் செஸேஷன். பார்த்தீர்களா, அங்கேயும் ஒருவர் செய்தது வேறு, தானாக அற்றுப்போனது வேறு என்று இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

---

காரைக்கால் அக்கா எழுதியது:

அர்த்தத்தை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், எழுத்துக்கூட்டலில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்லில் ஒன்பது எழுத்து. சி, இ, எஸ், எஸ், ஏ, டி, ஐ, ஓ, என். நடுவில் இருக்கிற ஏ, டி என்ற இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் அது வேறு சொல்லாகிவிடும், கணினியின் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான். அதற்கு ஒரு நிலப்பகுதியையோ உரிமையையோ இன்னொருவரிடம் ஒப்படைப்பது என்று அர்த்தம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த சொல். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் நான்கின் நிர்வாகமும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஆனால் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கையில் 1956 மே 28ஆம் தேதிதான் கையெழுத்திட்டார்கள், அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த உடன்படிக்கைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரீட்டி ஆஃப் செஷன்' என்று பெயர். காதில் கேட்டால் பள்ளிக்கூடத்தில் காலை செஷன், மாலை செஷன் என்கிறோமே அதே ஒலி, எழுத்து மட்டும் வேறு. 'செஷன் ஆஃப் வாட்டர் ரிலீஸ்' என்று அடித்து அனுப்பினால் தண்ணீரை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று ஆகும். காவிரி விஷயத்தில் அப்படி ஒரு வாக்கியம் நம் கையால் போகலாமா!

இன்னொன்றும் உண்டு. நிறுத்து என்ற வினைச்சொல்லை 'சீஸ்' என்கிறோம், அதில் நடுவில் இ, ஏ இரண்டும் வரும். அதைப் பார்த்துப் பெயர்ச்சொல்லிலும் இ-க்கு அடுத்து ஏ சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. அதோடு மணல் லாரியை சீஸ் பண்ணிட்டாங்க என்று பேசுகிறோமே, அது பறிமுதல் செய்வது, எஸ்ஸில் தொடங்கி நடுவில் இஸட் வரும் வேறு வினை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது கை தடுமாறும், கவனமாக இருங்கள்.

---

கடைமடை எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கிடங்கு தவணை முடிந்துதான் காலி செய்தோம், ஆக எக்ஸ்பயரி. கூட்டம், அறுவடை இரண்டையும் மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததை எழுதும்போது செஸேஷன் போடலாமா? செய்தியில் 'வித்ட்ராயல்' என்று படித்த ஞாபகம். அப்புறம், நடுவில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், சில நாள் வரும், சில நாள் வராது, அதை எப்படி எழுதுவது?

---

நாகை வானம் எழுதியது:

மழையைப் பற்றிக் கேட்டதால் நான் வருகிறேன், வானிலை அறிக்கைகளைத் தவறாமல் படிக்கிறவன். நீங்கள் படித்த வித்ட்ராயல் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு உரியது. அந்தக் காற்று வடமேற்கு இந்தியாவில் தொடங்கிப் படிப்படியாகப் பின்வாங்கும், வரைபடத்தில் கோடு போட்டு இந்தத் தேதியில் இதுவரை விலகிவிட்டது என்று காட்டுவார்கள். பின்வாங்கும் ஒன்றுக்கு வித்ட்ராயல் பொருத்தம். வடகிழக்குப் பருவத்தில் நமக்கு முக்கியம் மழை, அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து, பல வருடங்களில் ஜனவரிக்குள்ளும் நீண்டு, பிறகு நின்றுபோகும். இதற்கு இந்திய வானிலை ஆய்வு மையம் தன் அறிவிப்பில் செஸேஷன் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது, 'செஸேஷன் ஆஃப் நார்த்ஈஸ்ட் மான்சூன் ரெயின்ஸ்' என்று. ரெயின்ஸ் என்ற சொல்லை விடாதீர்கள். நின்றது மழைதான்.

ஆக உங்கள் அறிக்கையில் இந்தச் சொல் எங்கேயாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டால் இந்த இடத்தில் தாராளமாக வைக்கலாம்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எதற்கு இந்தச் சொல்? 'ரிலீஸ் ஸ்டாப்டு ஆன் 28 ஜனவரி' என்று எழுதினால் மும்பைக்காரருக்கும் புரியும், நம் ஊர் விவசாயிக்கும் அவர் பிள்ளை படித்துச் சொன்னால் புரியும். அறிக்கை எழுதுபவர்கள் பெரிய பெயர்ச்சொல்லாகப் போட்டுக்கொண்டே போவதால் யார் எதை நிறுத்தினார்கள் என்பதே மறைந்துவிடுகிறது. 'செஸேஷன் ஆஃப் சப்ளை' என்று மட்டும் எழுதினால் அணையை மூடியவர்கள் யார், நீர்வளத்துறையா, அணையில் நீர் இல்லாமலா, வாய்க்கால் உடைப்பா, எதுவும் தெரியாது. பாதிக்கப்பட்டவன் எழுதும் அறிக்கையில் அது தெரிய வேண்டாமா?

தேதி விஷயமும் இருக்கிறது. வழக்கமான கணக்கில் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடுவது. அது மேட்டூரில். அங்கே மூடிய அன்றைக்கே திருத்துறைப்பூண்டியில் வாய்க்கால் வறண்டுவிடாது, கல்லணை வந்து வெண்ணாற்றில் பிரிந்து கிளை ஆறுகளுக்குள் புகுந்து வருகிற தண்ணீர் சில நாள் கழித்துத்தான் நிற்கும். சில வருடம் நேர்மாறாக, அணை திறந்திருக்கும்போதே கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அதனால் எந்த ஓட்டம் எங்கே நின்றது என்று எழுதுங்கள். மேட்டூரில் ரிலீஸ் நின்ற தேதி ஒன்று, உங்கள் வாய்க்காலில் ஃப்ளோ நின்ற தேதி இன்னொன்று. தாளடிக்கு, அதாவது குறுவை அறுத்த வயலில் நடும் இரண்டாம் நெல்லுக்கு, கடைசித் தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்பது இரண்டாவது தேதியில்தான் இருக்கிறது.

---

குடந்தை வாத்தியார் எழுதியது:

வெண்ணாற்றங்கரை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிற வாக்கியத்துக்கு வினைச்சொல்தான் நல்லது. 'தி கம்பெனி மேட் எ செஸேஷன் ஆஃப் சீட் சேல்ஸ்' என்று எழுதுவதைப் போல அவலட்சணம் எதுவும் கிடையாது, 'ஸ்டாப்டு செல்லிங் சீட்ஸ்' என்றால் முடிந்தது. ஆனால் அந்த நிற்றலையே ஒரு காரணமாகவோ காலக்குறிப்பாகவோ வைத்து மேலே பேச வேண்டும் என்றால் பெயர்ச்சொல் தேவைப்படும். 'வித் தி செஸேஷன் ஆஃப் ரிலீஸ், தி தாளடி க்ராப் டிபென்டட் ஆன் போர்வெல்ஸ்' என்பது நல்ல வாக்கியம். இப்படி எழுதும்போது முன்னால் 'தி', பின்னால் 'ஆஃப்', இந்த இரண்டும் கூடவே வரட்டும். பன்மை ஆக்கி எஸ் சேர்க்காதீர்கள், சாதாரணமாக இதற்குப் பன்மை கிடையாது.

முறைப்பாசனத்துக்கு வருகிறேன். செஸேஷன் தற்காலிகமாகவும் இருக்கலாம், நிரந்தரமாகவும் இருக்கலாம் என்றுதான் அகராதி சொல்லும். ஆனால் முன்னால் 'டெம்பரரி' என்று போடாமல் எழுதினால் படிப்பவர் ஒரேயடியாக நின்றது என்றுதான் எடுத்துக்கொள்வார். முறை வைத்து விடுவது திட்டமிட்டு நிறுத்தித் திரும்ப விடுவது, அதற்கு 'சஸ்பென்ஷன்' பொருந்தும். அதைவிட நல்லது, முறை எத்தனை நாள், அடைப்பு எத்தனை நாள் என்று எண்ணிக்கையோடு 'டர்ன் சிஸ்டம்' என்று எழுதிவிடுவது. நீர்ப்பாசனத்தில் அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

---

கடைமடை எழுதியது:

ஐயா, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் ஆண்டு விழா திருவையாற்றில் விவசாயிகள் சுற்றுலாவோடு முடிந்தது. தலைவர் அங்கே 'கல்மினேஷன்' போடச் சொல்கிறார். அதுவும் முடிவுதானே?

---

குடந்தை வாத்தியார் எழுதியது:

முடிவுதான், ஆனால் உச்சமான முடிவு. படிப்படியாக ஏறி வந்து அதன் சிகரம் எதுவோ அதுதான் கல்மினேஷன். திருவையாறு என்றதும் நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது. தியாகராஜர் ஆராதனை பல நாள் கச்சேரிகளாக நடந்து, அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவதில் போய் நிற்கிறது. அந்தப் பஞ்சரத்னம் ஆராதனையின் கல்மினேஷன். பாடி முடித்து ஆட்கள் பந்தலை விட்டுக் கிளம்புவது கன்க்ளூஷன். உங்கள் சுற்றுலாதான் விழாவின் சிறப்பான பகுதி என்றால் தலைவர் சொல்வது சரி, போடுங்கள். விழா முடிந்ததும் வண்டி ஏறிப் போய்வந்தோம் என்ற அளவில்தான் இருந்தது என்றால் 'எண்டட் வித் எ ட்ரிப் டு திருவையாறு' போதும். வரைவு முடிந்ததும் மேட்டூர் வருகிற பத்தியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.